இழுக்காதே, தூக்கு

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுத்துவிடுவார். பெங்களூரில் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு, தன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மேலேயே போய் விழுந்த என் அத்தையின் கதை. ஆளுக்குக் கொஞ்சம் மசாலா சேர்ப்பார்கள். ஒருவர் சொல்லும்போது மாப்பிள்ளைக்குப் பல் உடையும், இன்னொருவர் சொல்லும்போது போலீஸ் வரும். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். "அண்ணன் மானத்த வாங்கிட்டா."

விழுந்தது உண்மை. மற்றதெல்லாம் இவர்கள் சேர்த்தது. நான் அங்கே இருந்தேன், என் காலிலும் சக்கரம் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று போனில் கேட்டதற்கு, "எழுதிக்கோ. எம்பேர மட்டும் வம்புக்கு இழுக்காத" என்றாள். 'இழுக்காத' என்கிற அந்தச் சொல் அவள் வாயில் வராத நாள் கிடையாது. அதை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுதவும் முடியாது.

சிவகாசியை அடுத்த நாரணாபுரம் பக்கம் எங்களுக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி. ஆர்டர், லோடு, லைசென்ஸ் எல்லாம் அப்பா பார்ப்பார். பேக்கிங் ஷெட் அத்தையின் கையில் இருந்தது. பட்டாசு வேலை நடக்கிற இடத்தில் எதையும் தரையோடு இழுக்கக் கூடாது. தரையில் எங்கே வெடிமருந்து சிந்திக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உராய்ந்தால் பொறி பறக்கும், பொறி பறந்தால் அப்புறம் நடப்பதைச் சொல்ல ஆள் இருக்காது. பெட்டியைத் தூக்க வேண்டும், கனம் என்றால் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். 'இழுக்காதே, தூக்கு' என்று ஷெட் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. அந்த எழுத்தைவிட அத்தையின் தொண்டைக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். அப்பாவின் இடது முழங்கையில் தோல் சுருங்கிப்போன ஒரு தழும்பு உண்டு. யாரோ ஒரு பெட்டியை இழுத்த நாளில் வந்தது அது. அதைப் பற்றி அவர் பேச மாட்டார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். நாற்காலியை இழுத்தால் சத்தம் போடுவாள். கட்டிலை இழுத்தால், பள்ளிக்கூடப் பையை இழுத்துக்கொண்டு வந்தால், செருப்பைத் தேய்த்து நடந்தால், எங்கிருந்தாலும் குரல் வரும்.

"காலு எங்கன போச்சு பிள்ள? தூக்கி நட."

"வீட்டுத் தரையில என்ன மருந்தா கொட்டிக் கெடக்கு?" என்று அம்மா ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"வீட்டுக்கு ஒரு காலு, கம்பெனிக்கு ஒரு காலுன்னு ரெண்டு ஜோடியா வச்சிருக்கோம் மதினி? பழகுனது ஒண்ணுதான."

பெட்டிக்குப் போட்ட சட்டத்தை அவள் மனிதர்களுக்கும் போட்டுவிட்டாள் என்பதுதான் எங்கள் குடும்பத்துக்குப் பிரச்சினை. பேச்சை இழுத்தால் அவளுக்குப் பிடிக்காது. "இழுக்காம விஷயத்தச் சொல்லுங்க" என்று தாசில்தார் ஆபீசிலேயே சொன்னவள். கோயில் கூட்டத்தில் யாராவது பாசமாகக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தால், அங்கேயே நின்றுவிடுவாள். வா என்று கூப்பிட்டால் வருவாள். இழுத்தால் வர மாட்டாள். இவ்வளவுதான் அவள். இதைப் புரிந்துகொள்ள என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்தது. சில மாதம் இருந்துவிட்டு ஒரு பையோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "பிடிக்கல" என்றாள். வேறு காரணம் கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் ரொம்ப நாள் காத்திருந்து ஏமாந்தார்கள். பிறகு அவள் புருஷனின் அண்ணன் ஒருநாள் காரோடு வந்தார். வாசலில் நின்று சத்தம் போட்டார், தெருவே கூடிவிட்டது. கடைசியில் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அத்தை அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். அத்தை லேசான உடம்புக்காரி இல்லை.

"இழுத்தா வர மாட்டேன். முடிஞ்சா தூக்கிட்டுப் போங்க" என்றாளாம்.

தம்பி பொண்டாட்டியை நடுத்தெருவில் எப்படித் தூக்குவார்? சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். விவாகரத்தும் பிறகு ஆனது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. ஆனாலும் அந்தப் படியைத் தாண்டும்போதெல்லாம் அவள் உட்கார்ந்திருப்பது என் கண்ணில் தெரியும்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்து சிமெண்ட் மைதானத்தில் ஸ்கேட்டிங் ஆரம்பித்தார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று அப்பா முதலில் சத்தம் போட்டார். அந்தக் கோடையில் திடீரென்று மனம் மாறிவிட்டார். பெங்களூரில் பெரியம்மா வீட்டுப் பக்கம் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் முகாம் நடக்கிறதாம், காலையில் நானும் தம்பியும் அங்கே போகலாம், மற்ற நேரம் எல்லோரும் ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்றார். அத்தையும் வர வேண்டும் என்றார். நாங்கள் குதித்தோம். அத்தை மட்டும் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மே மாசம் சீசன் வேலைய விட்டுட்டு உங்கப்பா ஊரு சுத்த வாராகன்னா, என்னமோ இருக்கு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். ஆனாலும் வந்தாள். கூப்பிட்டார்கள், அதனால் வந்தாள்.

பெங்களூரை அவள் தன் இஷ்டத்துக்குத்தான் பார்த்தாள். லால்பாக்கில் எல்லோரும் கண்ணாடி மாளிகைக்கு ஓட, அவள் பாறை மேல் ஏறி உட்கார்ந்து காற்று வாங்கினாள். விதான சௌதாவுக்கு முன்னால் போட்டோ எடுக்க எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார் அப்பா. அத்தையைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நின்று சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தாள். மெட்ரோ ஸ்டேஷனில்தான் பெரிய கூத்து. ஓடுகிற படிக்கட்டில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஊரே ஏறுது, உனக்கு என்ன?" என்றார் அப்பா.

"நான் கால வச்ச ஒடனே அது இழுத்துட்டுப் போகுது. நிக்கணும்னு நெனச்சா நிக்க முடியுமா அதுல?"

பக்கத்தில் இருந்த சாதாரணப் படிக்கட்டில், மூச்சு வாங்க, ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். மேலே நாங்கள் காத்திருந்தோம். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

முகாமில் எங்கள் பாடு வேறு. பயிற்சி கொடுத்தது ஒரு இளம் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார். ஓடுவது எங்களுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. நிற்பதுதான் வரவில்லை. நிற்க வேண்டுமென்றால் பின்னங்காலைக் குறுக்காகத் திருப்பித் தரையில் தேய்த்து இழுக்க வேண்டும், அந்த உராய்வில் வேகம் குறையும். மற்ற பிள்ளைகள் இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார்கள். நானும் தம்பியும், இழு என்றதும், காலைத் தூக்கினோம். தூக்கித் தூக்கிப் போய், மைதானத்தைச் சுற்றிப் போட்டிருந்த கைப்பிடிக் கம்பியில் மோதி நின்றோம்.

"ஏன் தூக்குறீங்க? இழுக்கணும்" என்று பொறுமையாகக் கேட்டார் டீச்சர்.

"இழுத்தா தீப்பிடிச்சிரும் மிஸ்" என்றேன்.

மைதானமே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்பிக்கு வெளியே நின்ற அத்தையின் குரல்தான் முதலில் எழுந்தது. "சிரிக்காதீக! எங்க ஊருல இழுத்தா தீப்பிடிக்கும்தான். வந்து பாருங்க."

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மா அடுப்படியில் நின்று போனில் யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனவள், கதவோரம் நின்றுவிட்டேன். "பொண்ணு பாக்கன்னு சொல்ல வேண்டாம் மதினி. சும்மா பிள்ளைக ஸ்கேட்டிங் பாக்க வந்த மாதிரி வாங்க. அவ அண்ணன் வாக்குக் குடுத்துட்டாக, ஆவணியில முகூர்த்தம். வந்ததும் நீங்க தலையில பூவ வச்சிருங்க. நாலு பேரு முன்னால பூ வச்சிட்டா அப்புறம் அவ என்ன சொல்ல முடியும்?"

எங்கள் பக்கத்தில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் மாட்டேன் என்றால் இரண்டு குடும்பத்துக்கும் பகை. இது எனக்கே தெரியும்.

அன்று அத்தையைப் பட்டுப்புடவை கட்டச் சொன்னார்கள், போட்டோ எடுக்கவாம். மைதானத்து பெஞ்சில் என்னை உட்கார வைத்து, முட்டி உறையை அத்தை கட்டிக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் கேட்டதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாரை இறுக்கினாள். வலித்தது. 

ஞாயிறு மட்டும் கடைசி அரை மணி நேரம் பெற்றவர்களும் உள்ளே வந்து ஓட்டிப் பார்க்கலாம். ஒன்றிரண்டு அப்பாக்கள்தான் வருவார்கள். அத்தை நேரே டீச்சரிடம் போனாள்.

"எங்காலுக்கு ஆவுற மாதிரி சக்கரம் இருக்கா?"

"அத்தே, விழுந்துருவீக" என்றேன்.

"பாக்க வாரவுக நிக்கிறதத்தான பாப்பாக? நான் நிக்கப் போறதில்ல."

பட்டுப்புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கம்பியைப் பிடித்து உள்ளே வந்தாள். முதலில் உடம்பு ஆடியது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாள். நான் பக்கத்திலேயே போனேன், அவள் விழுந்தால் நானும் சேர்ந்து நசுங்கியிருப்பேன். அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அக்கா, ஒரு மாமா. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், விருதுநகர்க்காரர், பெங்களூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அக்காவின் கையில் வாழை இலையில் சுற்றிய மல்லிகை, மாமாவின் கையில் ஸ்வீட் பெட்டி. அப்பா சிரித்த முகத்தோடு அத்தையைக் காட்டக் கை நீட்டினார், நீட்டிய கை அப்படியே நின்றது.

"தங்கச்சி... அங்கன... சும்மா பிள்ளைகளோட..."

அந்த அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. பூவை எடுத்துக்கொண்டு கம்பியோரமாக வந்தார். அத்தை நகர்ந்தாள். அவர் நாலு எட்டு முன்னால் வந்தார். அத்தை அதற்குள் அடுத்த மூலைக்குப் போய்விட்டாள். "நில்லும்மா, ஒரு நிமிசம்" என்று அவர் கெஞ்ச, அத்தை "நிக்கத் தெரியாதுங்க, இன்னும் படிக்கல" என்று பதில் சொல்லிக்கொண்டே போனாள். பூவோடு அவர் வெளியே, சக்கரத்தோடு இவள் உள்ளே. பெரியம்மா பல்லைக் கடித்தாள். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன.

இரண்டாவது சுற்றில் அத்தை கம்பியை விட்டுவிட்டாள். வேண்டுமென்றே விட்டாளா, கை நழுவியதா என்று கல்யாண வீடுகளில் இன்றும் பட்டிமன்றம் நடக்கிறது. எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. தரை லேசான சரிவு. அவள் வேகமெடுத்து, கம்பி இல்லாத வாசல் பக்கம் வந்தாள். அங்கேதான் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மாப்பிள்ளையும் மாமாவும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பின்னங்கால இழுங்க மேடம்! இழுங்க!" என்று கத்தினார் டீச்சர்.

அத்தை காலைத் தூக்கினாள்.

நாற்காலி, மாமா, ஸ்வீட் பெட்டி, அத்தை எல்லாம் ஒன்றாகத் தரையில் கிடந்தன. யாருக்கும் பல் உடையவில்லை. பின்னாலேயே ஓடி வந்த அக்காவின் கையிலிருந்த பூ அறுந்து சிமெண்டில் சிதறியது. மாமாவை அப்பா எழுப்பிவிட்டார். அத்தையை எழுப்ப மாப்பிள்ளை குனிந்து கையைப் பிடித்தார்.

"இழுக்காதீங்க" என்றாள்.

அவர் கையை விட்டுவிட்டார். கொஞ்சம் யோசித்தார். விழாமல் இருந்த ஒரு நாற்காலியைத் தூக்கி, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

அவள் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது. முட்டி போட்டாள், சக்கரம் ஓடியது, மறுபடி உட்கார்ந்தாள். நாற்காலியைப் பிடித்தாள், அது சறுக்கியது. ஒருவரும் கிட்டப் போகவில்லை. ஒருவழியாக நின்றபோது முழங்கையில் ரத்தம், புடவையில் மைசூர்பாகு. அப்பாவைப் பார்த்துப் பேசினாள். கத்தவில்லை. ஷெட்டில் கத்துகிறவள் அன்று கத்தவில்லை.

"அண்ணே, நம்ம கம்பெனியில ஒரு பெட்டிய இழுக்க விடுவீகளா?"

அப்பா குனிந்து ஸ்வீட் பெட்டியைத் தூக்கினார்.

"விடமாட்டீக. எவனாவது இழுத்தா அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவீக. என்னைய மட்டும் சிவகாசியில இருந்து பெங்களூரு வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்கீக. நான் மட்டும் பொறி விடமாட்டேன்னு எப்படிண்ணே நெனச்சீக?"

"கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துறீகளா?" என்று மாமா எகிறினார். "வாக்குக் குடுத்திருக்கீக!"

அப்பா தன் இடது முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தார். பெரியம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை அதட்டினால் போதும், இப்போதும் காரியத்தை முடித்துவிடலாம் என்று அவள் கணக்கு.

"வாக்குக் குடுத்தது நாந்தான்" என்றார் அப்பா. "அவ குடுக்கல. அவகிட்ட நான் கேக்கவே இல்ல. நீங்க என்னைய என்ன வேணும்னாலும் சொல்லிக்கோங்க."

என் அப்பா வாழ்க்கையில் பேசியதில் இதைத்தான் நான் உசத்தி என்பேன். மானம் போனது என்கிறார்களே, அவருக்கு மானம் வந்த நாள் அது.

மாமா திட்டிக்கொண்டே நடந்தார், அக்கா பின்னாலேயே போனார். மாப்பிள்ளை மட்டும் ஒரு நிமிடம் தயங்கினார். "எங்கிட்டயும் யாரும் கேக்கலைங்க. என்னையும் இழுத்துட்டுத்தான் வந்தாக" என்றார். அத்தை அன்று முதல்முறையாகச் சிரித்தாள். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதற்காகக் கட்டிக்கொண்டுவிட முடியுமா என்ன? அவர் போனார், அவள் சக்கரத்தைக் கழற்றினாள், அவ்வளவுதான்.

அதன் பிறகு அவளை யாரும் எங்கேயும் இழுக்கவில்லை. திருத்தங்கலில் சொந்தமாக அட்டைப்பெட்டி கம்பெனி வைத்து, தனி வீட்டில் இருக்கிறாள். அங்கே வெறும் அட்டைதான், மருந்து வாசனைகூடக் கிடையாது. அங்கேயும் யாரும் எதையும் இழுக்கக் கூடாது.

முகாமின் கடைசி நாள் பிள்ளைகள் எல்லோரும் பெற்றவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். முழு வேகத்தில் வந்து, வெள்ளைக் கோட்டில் நிற்க வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள். நடந்த கூத்துக்கு அத்தை வீட்டிலேயே இருக்கட்டும் என்று பெரியம்மா சொல்லிப் பார்த்தாள். அத்தை அதே பட்டுப்புடவையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, முழங்கையில் பிளாஸ்திரியோடு, முதல் வரிசையில் நடுவில் வந்து உட்கார்ந்தாள். முந்தின ஞாயிறு அங்கே இருந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

என் முறை வந்தது. எனக்கு அதுவரை நிற்க வரவில்லை. ஓடும்போதே தெரிந்துவிட்டது, இன்றும் கால் தூக்கத்தான் போகிறது. கோடு நெருங்கியது, கோட்டுக்குப் பின்னால் அத்தையின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தாள். பேக்கிங் ஷெட்டையே நடுங்க வைக்கிற அந்தக் குரலில் கத்தினாள்.

"இழு பிள்ள! உங்காலுதான, இழு!"

பிறந்ததிலிருந்து அவள் வாயில் நான் கேட்டே இராத சொல் அது. என் கால் தானாகத் திரும்பியது. சக்கரம் தரையில் தேய்ந்து கிறீச்சிட்டது. தீப்பிடிக்கவில்லை. அவள் புடவை நுனி என் முட்டியில் படுகிற தூரத்தில் நான் நின்றேன்.

பெரியம்மா அத்தையின் முந்தானையைத் தொட்டு, "ஏன் இப்படிக் கத்துற? எல்லாரும் உன்னையத்தான் பாக்குறாக, உக்காரு" என்று கிசுகிசுத்தாள்.

"பாக்கட்டும்" என்றாள் அத்தை, உட்காராமல். "இன்னைக்குத்தான் நிக்கிறேன்."